கேட்கிறது, விளங்கவில்லை

வெளியே நின்று சேவிக்கிறவர் எவரும் திருவட்டாற்று ஆதிகேசவப் பெருமாளை ஒரே பார்வையில் முழுதுமாகக் கண்டுவிட முடியாது. 16,008 சாளக்கிராமங்களை உள்ளடக்கி, கடுசர்க்கரை யோகம் என்னும் பக்குவத்தால் உருவாக்கப்பட்டு, 22 அடி நீளத்துக்குப் பள்ளிகொண்டிருக்கும் அத்திருமேனியை, ஒரு வாசலில் திருமுகமும், அடுத்த வாசலில் திருவுந்தியும், மூன்றாவதில் திருவடியுமாகப் பகுத்துக் கண்டு, மூன்றையும் மனத்துக்குள்ளேதான் ஒன்றாகக் கூட்டிக்கொள்ள வேண்டும். 418 ஆண்டுகளுக்குப் பிறகு 2022 ஜூலை 6-ஆம் தேதி அக்கோயிலில் கும்பாபிஷேகம் நடந்ததே, அதற்குச் சில வாரங்கள் கழித்துக் கூட்டமெல்லாம் ஓய்ந்தபின் நான் சென்று நிதானமாகத் தரிசித்துவிட்டு, படியிறங்கி, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே மேடேறிச் செல்லும் பாதையில் உள்ள என் நண்பர் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தேன். அமர்ந்து இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. உள்ளறை மேஜை மீதிருந்த கையடக்க ரேடியோ ஒன்று, முறத்தில் மணலைக் கொட்டிப் புடைத்தாற்போன்ற ஒரு சத்தத்தை ஒரு விநாடி நேரம் எழுப்பிவிட்டு மௌனமாயிற்று. நண்பர் கணினித் திரையைப் பார்த்தார். திரை வெறுமையாக இருந்தது. பிறகு ரேடியோவில் ஒரு வாலிபக் குரல், நேருக்கு நேர் பேசுவது போன்ற தெளிவுடன் கேட்டது: "சாறே, அனுப்பியாச்சு. வந்துதா?"

வரவில்லை. குரல் வந்தது, செய்தி வரவில்லை. அந்த வாலிபர் நண்பருடைய பழைய மாணாக்கர், குலசேகரத்தில் இருப்பவர். நண்பரோ பௌதிகம் போதித்து ஓய்வுபெற்றவர். இருவரும் மத்திய அரசின் பரீட்சை எழுதித் தேறி, 'வி.யு.' என்று தொடங்கும் அழைப்புக்குறி பெற்ற அமெச்சூர் வானொலிக்காரர்கள். உலக வழக்கில் 'ஹாம்' என்று சொல்லப்படும் கூட்டத்தார். இந்நாட்டில் ஹாம்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ள அலைவரிசைகளுள் ஒன்றான 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பரப்பில், வெறும் பேச்சோடு நிற்காமல், ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்குக் காற்றின் வழியே எழுத்தை அனுப்பவேண்டும் என்பது அவர்களுடைய அவா. அவரிடம் ஒரு மோடம், இவரிடம் ஒரு மோடம். இரண்டும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை என்று அவற்றின் கையேடுகள் சத்தியம் செய்கின்றன. ஆனாலும் இரண்டும் ஒன்றையொன்று அறிந்துகொள்ள மறுத்தன. நான் அங்கே தங்கியிருந்த நாட்களில் அந்தப் பிணக்கு எப்படித் தீர்ந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மோடம் என்பது 'மாடுலேட்டர்', 'டிமாடுலேட்டர்' என்னும் இரு சொற்களின் தலைகளை ஒட்டவைத்த பெயர். கணினியிடம் உள்ளவை ஒன்றும் சைபருமே. அவற்றை அலையின் முதுகில் ஏற்றி அனுப்புவதும், வந்து சேர்ந்த அலையின் முதுகிலிருந்து இறக்கி வைப்பதும் இந்தச் சாதனத்தின் தொழில். ஹாம்களிடையே மிகப் பரவலாக வழங்கும் முறையில், 1200 ஹெர்ட்ஸ் ஒன்றும் 2200 ஹெர்ட்ஸ் ஒன்றுமாக இரண்டே ஸ்வரங்கள்; முதலாவதை ஷட்ஜமாக வைத்தால், மற்றது இரண்டு நிஷாதங்களுக்கும் நடுவே, எந்த வித்வானும் பிடிக்கத் துணியாத ஓரிடத்தில் போய் நிற்கும். விநாடிக்கு 1,200 தடவை, 'ஸ்வரம் மாறிற்றா, மாறவில்லையா' என்று கேட்கும் மோடம், மாறினால் சைபர் என்றும் மாறாவிட்டால் ஒன்று என்றும் குறித்துக்கொள்கிறது. மணல் புடைக்கும் சத்தமாக நம் காதுக்குத் தோன்றுவது இந்த இரண்டு ஸ்வரங்களின் அதிவேகமான பின்னலே.

அப்படி வரும் செய்தி, ஓயாத பிரவாகமாக வருவதில்லை. பொட்டலம் பொட்டலமாக வருகிறது. அதனால்தான் இதற்குப் 'பாக்கெட் ரேடியோ' என்று பெயர். ஒவ்வொரு பொட்டலமும் நான் தரிசித்துவிட்டு வந்த மூர்த்தியைப் போல மூன்று வாசல் உடையது. முதல் வாசலில், யாருக்கு, யாரிடமிருந்து என்னும் விலாசம். நடு வாசலில் செய்தி. வழக்கமான பேரளவு 256 பைட்டுகள். மூன்றாம் வாசலில், அதுவரை வந்த எல்லாவற்றையும் கணக்கிட்டுப் பெற்ற ஒன்றுகளாலும் சைபர்களாலும் ஆன 16 இலக்கச் சரிபார்ப்பு எண். பெறுகின்ற மோடம் தானும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும்; விடை ஒத்திருந்தால் பொட்டலத்தைக் கணினிக்குக் கொடுக்கும்; ஓர் இலக்கம் பிசகியிருந்தாலும் முழுப் பொட்டலத்தையும் சத்தமின்றிக் கீழே போட்டுவிடும். தாறுமாறாகச் சிதைந்துபோன பொட்டலம் ஒன்று தற்செயலாக இந்தப் பரீட்சையில் தேறிவிடுவதற்கு 65,536-இல் ஒரு பங்குதான் வாய்ப்பு. இந்த மூன்றாம் வாசலை வாசகர் மறக்காமல் நினைவில் வைத்திருக்க வேண்டும். பின்னால் வரப்போகும் சங்கதி முழுதும் அதைச் சுற்றியே நிற்கிறது.

இம்முறையின் பிறப்பு நெடுங்காலத்துக்கு முந்தியதன்று. ஹவாய்த் தீவுகளில் சிதறிக் கிடந்த கணினிகளை ரேடியோ அலைகளால் இணைப்பதற்கு நார்மன் ஏப்ரம்சன் என்னும் பேராசிரியர் அமைத்த 'அலோஹா' வலை 1971-இல் இயங்கத் தொடங்கியது. அதிலிருந்து பொறி எடுத்துக்கொண்ட கனடா நாட்டு ஹாம்கள் 1978-இல் மான்ட்ரியல் நகரில் முதல் சோதனையைச் செய்தார்கள். வான்கூவர் நகரத்து டக் லாக்ஹார்ட் இதற்கென்று ஒரு கட்டுப்பாட்டுப் பலகையை வடிவமைத்தார். அமெரிக்காவின் டூஸான் நகரத்து ஹாம் சங்கம் 1985-இல் வெளியிட்ட 'டி.என்.சி.-2' என்னும் பெட்டி உலகெங்கும் பரவி, பல கம்பெனிகளால் நகலெடுக்கப்பட்டு, இன்றும் பல வீடுகளில் பரணில் கிடக்கிறது. என் நண்பருடைய மோடம் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. மாணாக்கருடையதோ பெட்டியே இல்லாத மோடம். கணினியின் ஒலி அட்டையைக் கொண்டு, ஸ்வரங்களைக் கணிதத்தால் பிரித்தறியும் வெறும் மென்பொருள். பாட்டனுக்கும் பேரனுக்கும் உள்ள இடைவெளி என்று சொல்லலாம். (நம் தேசத்திலும் இத்தகைய பித்துக்கு நல்ல பரம்பரை உண்டு. அகில இந்திய ரேடியோ என்ற பெயரே ஏற்படுவதற்கு 12 ஆண்டுகள் முன்னதாக, 1924 ஜூலை 31 அன்று சென்னையில் ஒலிபரப்பைத் தொடங்கியவர்கள், ஸி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் கூட்டிய ரேடியோ கிளப்பைச் சேர்ந்த ஆர்வலர்களே அல்லவா?)

சரி, பிணக்குக்கு வருவோம். இத்தகைய சந்தர்ப்பத்தில் மனித சுபாவம் முதலில் செய்யும் காரியம், எதிராளியின் யந்திரத்தின் மேல் குற்றம் சாட்டுவது. "உன் கம்பெனிச் சாமானும் என் கம்பெனிச் சாமானும் ஒத்துப்போகாது" என்று சொல்லிவிட்டால் விவகாரம் முடிந்தது. புதுச் சாமான் வாங்க வேண்டியதுதான். நண்பர் அப்படிச் செய்யவில்லை. குலசேகரத்திலிருந்து வந்த அந்த மணல் சத்தத்தை அவர் தம் பேரனுடைய மடிக்கணினியில் பதிவு செய்து, மாணாக்கர் உபயோகிக்கும் அதே மென்பொருளுக்குள் அதைச் செலுத்திப் பார்த்தார். செய்தி எழுத்தாக வந்து நின்றது. காற்றில் குற்றமில்லை, ஆன்டெனாவிலும் குற்றமில்லை. அதே சத்தத்தைப் பேரன் புரிந்துகொள்கிறான், பாட்டனுக்கு விளங்கவில்லை, அவ்வளவுதான்.

ஏன் விளங்கவில்லை என்று நண்பர் எனக்கு விளக்கியது, கன்னியாகுமரி ஜில்லாவின் மேற்குப் பகுதியாருக்கு உடனே புரியக்கூடிய உவமை. ரப்பர் ஷீட் எடுக்க வரும் வியாபாரி ஈரத்துக்கென்று எடையில் கொஞ்சம் கழிவு போடுவது வழக்கம். விற்பவனும் அதை எதிர்பார்த்தே இருப்பான். எலும்பாய்க் காய்ந்த ஷீட்டுக்கும் அதே கழிவைப் போட்டால் விற்பவனுக்கு நஷ்டம். குரலுக்கென்று அமைந்த எப்.எம். ரேடியோக்களில் இதையொத்த ஓர் ஏற்பாடு இருக்கிறது. அனுப்பும் ரேடியோ மேல் ஸ்தாயி ஒலிகளைச் சற்று உயர்த்தி அனுப்பும். பெறும் ரேடியோ அதே அளவுக்குத் தாழ்த்திக் கேட்கச் செய்யும். இதனால் இரைச்சல் குறைகிறது. மாணாக்கர் தம் மோடத்தை ரேடியோவின் மைக் வழியாக இணைக்காமல், பின்புறத்தில் இருந்த தகவல் துளையில் இணைத்திருந்தார். அவருடைய ரேடியோவில் அந்த வழியாகச் செல்லும் ஒலிக்கு உயர்த்தல் கிடையாது. நண்பரோ ஸ்பீக்கர் துளையிலிருந்து ஒலியை எடுத்தார். அங்கே தாழ்த்தல் உண்டு. ஆகவே, 1200 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தோடு ஒப்பிட, 2200 ஹெர்ட்ஸ் ஸ்வரம் பாதிக்குச் சிறிதே கூடுதலான வலிமையோடு வந்து சேர்ந்தது. புதிய மென்பொருள் இந்த ஏற்றத்தாழ்வைத் தானே சரிக்கட்டிக்கொள்ளும். 2211 என்னும் எண் கொண்ட அந்தக் காலத்துச் சில்லை நம்பியிருக்கும் பழைய பெட்டிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. மாணாக்கர் தம் கம்பியை மைக் துளைக்கு மாற்றினார். மாற்றிய உடனே ஒரு பொட்டலம் வந்து திரையில் விழுந்தது. எங்கள் சந்தோஷத்துக்கு அளவில்லை.

அந்த சந்தோஷம் ஐந்து நிமிஷம் நீடித்தது. பிறகு அனுப்பிய பொட்டலம் வரவில்லை. உடனே மறுபடி அனுப்பச் சொன்னால் வந்தது. கொஞ்ச நேரம் பொறுத்து அனுப்பினால் வரவில்லை; தொடர்ந்து இரண்டாவது அனுப்பினால் வந்தது. இது பேய்க் காரியமாக இருக்கிறதே என்று நான் சொன்னபோது, நண்பர் சிரித்துக்கொண்டே, "பேய்க்கு இவ்வளவு ஒழுங்கு கிடையாது" என்றார். முதற் கூப்பாட்டில் கண் விழித்து, இரண்டாவது கூப்பாட்டுக்குப் பதில் சொல்லும் தூங்குமூஞ்சிக் காவற்காரன் ஒருவன் நடுவே இருக்க வேண்டும் என்பது அவருடைய அநுமானம். அநுமானம் பொய்க்கவில்லை. கையடக்க ரேடியோக்களில் பாட்டரியைச் சிக்கனப்படுத்துவதற்காக, ஒலியில்லாத வேளைகளில் பெறும் பகுதி சிறிது நேரம் உறங்கி, சிறிது நேரம் விழித்து, மறுபடி உறங்கும். பேச்சில் முதல் அசை விழுங்கப்பட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. 'வணக்கம்' என்பது 'ணக்கம்' என்று கேட்டாலும் பொருள் கெடாது. பொட்டலத்துக்கோ தலைவாசலே போய்விடும். அனுப்பும் மோடங்கள் செய்திக்கு முன்னால் சிறிது நேரம் வெறும் சமிக்ஞையை ஓடவிட்டுக் காத்திருப்பது உண்மையே. பழைய பெட்டிகளில் அது வழக்கமாக 300 மில்லிவிநாடி. நண்பருடைய ரேடியோவின் தூக்கம் அதைவிட நீளமாக இருந்தது. சிக்கன ஏற்பாட்டை அணைத்ததும் காவற்காரன் விழித்தபடியே நின்றான்.

எதிர்த் திசையில் தொல்லை வேறு வகையானது. நண்பர் அனுப்பியதை மாணாக்கரால் பெற முடியவில்லை. காரணம், நண்பர் மிகுந்த அக்கறையுடன் ஒலியளவை உச்சத்தில் வைத்திருந்ததுதான். உரக்கக் கத்தினால் செவிடனுக்கும் கேட்கும் என்னும் நம் வழக்கம் இங்கே செல்லாது. அளவை மீறிய ஒலியின் தலையை ரேடியோ வெட்டிவிடுகிறது. வெட்டுப்பட்ட ஸ்வரம் ஸ்வரமாக இருப்பதில்லை. ஒலியைக் குறைக்கக் குறைக்கச் செய்தி தெளிந்துகொண்டே வந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், திருகியைக் கால் பங்குக்கும் கீழே கொண்டுவந்த பிறகே சரியாயிற்று.

இன்னொரு வேடிக்கையையும் சொல்லாமல் விடக் கூடாது. ரேடியோவின் வெற்றிரைச்சலை அடக்கும் 'ஸ்குவெல்ச்' என்னும் கதவை, புதிய மென்பொருள் மோடம் திறந்தே வைத்திருக்கச் சொல்லும். பொட்டலத்தின் தலை நசுங்காமல் உள்ளே வரட்டும் என்பது அதன் கட்சி. பழைய பெட்டிக்கு அக்கதவு மூடியிருக்க வேண்டும். ஏனென்றால், ஒருவர் பேசும்போது குறுக்கிடக் கூடாது என்னும் மரியாதை இந்த மோடங்களுக்குப் போதிக்கப்பட்டிருக்கிறது. வழி காலியாகும் வரை அவை காத்திருக்கும். கதவைத் திறந்து வைத்தால், பழைய பெட்டி வெற்றிரைச்சலையே யாரோ பேசுவதாக எண்ணிக்கொண்டு, கடைசி வரை வாயைத் திறக்காமல் காத்துக்கொண்டே இருக்கும். நண்பர் ஒரு நாள் பூராவும் அனுப்பு விசையைத் தட்டித் தட்டிப் பார்த்து, பெட்டி பழுதாகிவிட்டதென்று முடிவு கட்டியதற்கு, இந்த அதிவிநயமே காரணம்.

இவை யாவும் மௌனத்தின் வகைகள். மூன்றாம் வாசல் கணக்குப் பார்த்துக் கீழே போட்டுவிடுவதால், காற்றுப் பக்கத்துக் கோளாறு எதுவானாலும் மேஜைப் பக்கத்தில் அது ஒரே மாதிரியாகத்தான், அதாவது ஒன்றுமில்லாமையாகத்தான், காட்சி தருகிறது. விநாடிக்கு 9,600 இலக்கம் அனுப்பும் வேகமான மோடத்தை மைக் துளையில் இணைத்தாலும் மௌனமே. இங்கிலாந்தின் ஜேம்ஸ் மில்லர் வகுத்த அந்த முறைக்கு, குரலுக்கென்று குறுக்கப்பட்ட பாதை போதாது. ரேடியோவின் வயிற்றுக்குள்ளேயே நேர்வழி வேண்டும். பிழைதிருத்தும் உபாயங்களோடு வந்திருக்கும் புதிய முறைகளிலும் இந்தப் பேதம் உண்டு. 'எப்.எக்ஸ்.25' என்பது மூலத்தைச் சிதைக்காமல் சுற்றிலும் உரை எழுதி அனுப்புவது போன்றது. உரை அறியாத பழைய மோடமும் மூலத்தை மட்டும் வாசித்துக்கொள்ளும். 'ஐ.எல்.2.பி.' என்பதோ லிபியையே மாற்றியது. பழைய மோடத்துக்கு அது சத்தம், அவ்வளவே. வீட்டு வைபைப் பெட்டிகளை ஹாம் வலைகளாக மாற்றும் அமெரிக்க வழக்கத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. அங்கும் ஒரு பெட்டி 10 மெகாஹெர்ட்ஸ் அகலத்திலும் அடுத்தது 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்திலும் இருந்தால் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் அறிமுகமில்லாதவர்களே. ஹாம் வலைகளுக்கென்று 1981-இலேயே ஹாங்க் மாக்னஸ்கி என்பவர், 44 என்று தொடங்கும் 1 கோடியே 67 லட்சம் இணைய விலாசங்களைக் கேட்டு வாங்கி வைத்தார். அன்று எவரும் சீந்தாத புறம்போக்கு. 2019-இல் அதில் கால் பங்கை அமேஸான் கம்பெனி பெருந்தொகை கொடுத்து வாங்கிற்று.

இப்படியாக மூன்று நாளில் இங்கிலீஷ் எழுத்துகள் திருவட்டாற்றுக்கும் குலசேகரத்துக்கும் இடையே தடையின்றிப் போய்வரத் தொடங்கின. பேச்சே தெளிவாகக் கேட்கும்போது எழுத்து எதற்கு என்று நான் கேட்டேன். நண்பர் உடனே பதில் சொல்லவில்லை. சன்னலுக்கு வெளியே, இளம் ரப்பர் கன்றுகள் நின்ற சரிவைக் காட்டினார். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் இந்த ஜில்லாவைக் கடந்தபோது, அங்கே நின்ற பெரிய மரங்கள் யாவும் ஒரே பகலில் சாய்ந்துவிட்டன. ரப்பரும் வாழையும் ஆயிரமாயிரமாக விழுந்து பாதைகளை அடைத்தன. மின்சாரம் பல நாட்கள் வரவில்லை. செல்போன் கோபுரங்கள் ஊமையாயின. கடற்கரையிலோ, தூத்தூர், வள்ளவிளை முதலிய ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குச் சென்றிருந்தவர்களுக்கு எச்சரிக்கை எட்டாமலே போய், எத்தனையோ குடும்பங்கள் வாசலைப் பார்த்தபடி இருந்தன. அப்படிப்பட்ட வேளையில், 60 பெயர் கொண்ட ஒரு பட்டியலை வாயால் சொல்லி, மறுமுனையில் ஒருவர் கையால் எழுதி, திரும்ப வாசித்துச் சரிபார்ப்பதற்கு ஆகும் காலத்தையும், நேரும் பிழையையும் நினைத்துப் பாருங்கள் என்றார். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை வந்தபோது, ஹாம் நிலையம் நடத்துவதற்காகப் போர்ட் பிளேருக்குச் சென்றிருந்த பாரதி பிரசாத்தும் அவருடைய குழுவினரும் அந்தமானிலிருந்து இரவு பகலாகச் செய்திகளைச் சொல்லிக்கொண்டிருந்தது பெரும்பாலும் குரலாலேயே. அந்தப் பணியை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். ஆயினும் மனிதத் தொண்டைக்கு ஒரு வரம்பு உண்டு.

வானத்திலும் இந்த மணல் சத்தத்துக்கு இடம் கிடைத்திருக்கிறது. 2019 ஏப்ரல் முதல் தேதி ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து கிளம்பிய பி.எஸ்.எல்.வி. ஸி-45, தன் செயற்கைக்கோள்களை இறக்கி வைத்த பிறகு, வழக்கமாகக் குப்பையாகிவிடும் நான்காம் அடுக்கைச் சுமார் 485 கிலோமீட்டர் உயரத்தில் நிறுத்தி, அதையே ஒரு பரிசோதனை மேடையாக்கிற்று. அதில் ஏறியிருந்த மூன்று கருவிகளுள் ஒன்று, இந்திய அம்சாட் சங்கத்தார் அமைத்த பொட்டல மறுஒலிபரப்பி. கீழிருந்து வந்த பொட்டலத்தை வாங்கி, 145.825 மெகாஹெர்ட்ஸில் திரும்பப் பாடிற்று. இன்னொன்று, இங்கிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க வலியமலையில் உள்ள விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தாருடையது. ராக்கெட்டுகளின் திரவ எஞ்சின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரியும் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால்தானே இருக்கிறது! அந்த மேடை விநாடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் விரைந்ததால், நம்மை நோக்கி வரும்போது அதன் அலைவரிசை 3 கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு உயர்ந்தும், விலகும்போது அவ்வளவு தாழ்ந்தும் தோன்றிற்று. ஆயினும் அந்த 1200, 2200 ஸ்வரங்கள் அலையின் மேல் ஏறி உட்கார்ந்த பிரயாணிகளாதலால், வண்டி சற்று முன்பின் நகர்ந்தாலும் அவற்றின் சுருதி பெரும்பாலும் குலைவதில்லை. எளிய கையடக்க ரேடியோக்காரரும் அதைக் கேட்க முடிந்தது இதனாலேயே.

ஒக்கியைப் பற்றிப் பேசிய அன்று மாலை, நண்பருக்கு ஒரு யோசனை தோன்றிற்று. "புயலில் அகப்பட்டவன் இங்கிலீஷிலா எழுதுவான்? தமிழில் அனுப்பிப் பார்ப்போம்" என்று, ஒற்றை விரலால் தட்டலானார். அவர் தட்டிய வாக்கியம் இது: 'கரண்ட் இல்லை, ஃபோன் இல்லை.' அவர் முடிக்கும் முன்பே ரேடியோ தானாகக் கிளம்பி அலறிற்று, சற்றுப் பொறுத்து மறுபடி, மறுபடி. மூன்று முறை அலறிவிட்டு ஓய்ந்தது. அதற்குமேல் அவர் எதைத் தட்டியும் அனுப்பாமல், பெட்டி 'என்ன சொல்கிறீர்?' என்னும் பொருள்பட இங்கிலீஷில் ஒரு கேள்விக்குறியை நீட்டிற்று. குலசேகரத்திலிருந்து குரல் வந்தது. "சாறே, மூணு வரி வந்துருக்கு. எழுத்து ஒண்ணும் இல்ல. புள்ளியும் கோடும் கேள்விக்குறியுமா கெடக்கு."

மோடம் கெட்டுவிட்டது, அல்லது மழையில் சமிக்ஞை சிதைகிறது என்றே நான் நினைத்தேன். நண்பர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "இது காற்றில் கெட்டதே அல்ல" என்றார். காற்றில் கெட்டிருந்தால் மூன்றாம் வாசலில் அகப்பட்டுக் கீழே விழுந்திருக்கும்; திரைக்கு வந்திருக்காது. வந்திருக்கிறது என்றால், அங்கே வந்தது எதுவோ அதையேதான் இங்கிருந்து மோடம் அனுப்பியிருக்கிறது. மோடத்துக்குக் கொடுக்கப்பட்டதே குப்பை. ஆகவே குற்றம் ரேடியோவில் இல்லை, ஆன்டெனாவில் இல்லை, அவர்கள் மூன்று நாளாகப் பார்த்துப் பார்த்துத் திருத்திய எந்த இடத்திலும் இல்லை. இந்தக் கணினிக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவே மேஜை மீது கிடக்கும் ஒன்றரை முழக் கம்பியில் இருக்கிறது. மௌனம் என்றால் காற்றுப் பக்கம். உளறல் என்றால் மேஜைப் பக்கம். இதைச் சொல்லிவிட்டு அவர் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்கிடத் தொடங்கினார்.

கணக்கு இவ்வாறு வந்தது. யூனிகோட் முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாகப் பிரயாணம் செய்கிறது. மூன்றிலும் எட்டாவது இலக்கம் ஒன்றாகவே இருக்கும். டி.என்.சி.-2 பிறந்த 1985-இல், அமெரிக்கனுக்குத் தேவையான எழுத்துகள் யாவும் ஏழு இலக்கத்தில் அடங்கிவிட்டதால், கம்பியில் ஏழு இலக்கம் மட்டுமே செல்வது அதன் பிறவி வழக்கம். நண்பரும் கையேட்டின்படிக் கணினியையும் அதற்கே அமைத்திருந்தார். எட்டாவது இலக்கம் கம்பியின் வாசலிலேயே வெட்டுண்டு போயிற்று. வெட்டுண்டபின் ஒவ்வொரு தமிழ்க் குறியும், தலைகீழ்க் காற்புள்ளி போன்ற ஒரு குறி, அடுத்து ஒரு புள்ளி அல்லது சாய்கோடு, அடுத்து ஏதோ ஒன்று என்று மும்மூன்றாக உருமாறுகிறது. மாணாக்கர் கண்ட புள்ளியும் கோடும் இவையே.

அலறல்தான் அவரை அதிகமாகக் கவர்ந்தது. மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளிக்கு யூனிகோட் கொடுத்திருக்கும் மூன்று பைட்டுகளில் கடைசியானது, எட்டாவது இலக்கத்தை இழந்தால், 'என்டர்' விசையின் எண்ணாக ஆகிவிடுகிறது. என்டர் வந்தால் அதுவரை சேர்ந்ததைப் பொட்டலமாகக் கட்டி அனுப்ப வேண்டும் என்பது பெட்டிக்கு இடப்பட்ட கட்டளை. 'கரண்ட்' என்பதில் இரண்டு புள்ளி, 'இல்லை' என்பதில் ஒரு புள்ளி: மூன்று அலறல். அடுத்து வந்தது 'ஃபோன்' என்பதன் ஆய்தம். ஆய்தத்தின் கடைசி பைட் அவ்வாறே வெட்டுப்பட்டால், செய்தியை நிறுத்திவிட்டுக் கட்டளைக்குக் காத்திரு என்னும் பொருள் கொண்ட எண் கிடைக்கிறது. பெட்டி விசுவாசமாக நிறுத்திவிட்டு, பின்னால் வந்த 'போன் இல்லை'யைக் கட்டளையென்று எண்ணி விளங்காமல் விழித்தது.

ஓலையில் எழுதிய காலத்தில், புள்ளி குத்தினால் ஏடு கிழியும் என்று எழுத்தர்கள் புள்ளியை விட்டுவிட்டார்கள் என்றும், அதனால் பதிப்பாசிரியர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல என்றும் நாம் படித்திருக்கிறோம். எழுத்தாணிக்குப் பொறுக்காத அந்தப் புள்ளி இந்தப் பெட்டிக்கும் பொறுக்கவில்லை என்பதைக் கண்டு நாங்கள் இருவரும் சிரித்தோம். தவிர, ஒரு குறிக்கு மூன்று பைட்டு என்னும்போது, 256 பைட்டுப் பொட்டலத்தில் 85 தமிழ்க் குறிகளே கொள்ளும். 'திருவட்டாறு' என்னும் ஊர்ப்பெயருக்கே 33 பைட்டு ஆகிறது. எட்டு இலக்கத்தை ஏற்கும் பேரனுடைய மோடத்திலும் இந்தச் செலவு குறையப்போவதில்லை.

பரிகாரம் எளிது. பெட்டியில் எழுத்தின் அகலத்தை ஏழிலிருந்து எட்டாக்கி, சமநிலை இலக்கத்தை நீக்கி, உரையாடும்போது எட்டாவது இலக்கத்தை வெட்டாதே என்னும் கட்டளையையும் கொடுத்து, கணினியிலும் அவ்வாறே மாற்றுவதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. நண்பர் மறுபடி ஒற்றை விரலால், வேண்டுமென்றே ஆய்தத்தை வைத்து, 'கரண்ட் வந்துவிட்டது. ஃபோன் இன்னும் இல்லை' என்று தட்டி, என்டரை அழுத்தினார். ரேடியோ ஒரே ஒரு முறை, ஏறக்குறைய ஒன்றரை விநாடி, மணல் புடைத்தது. குலசேகரத்துக்காரர் இம்முறை குரலில் பேசவில்லை. திரையில் தமிழில் எழுதினார்:

"வந்துட்டு சாறே. மூணு புள்ளியும் இருக்கு."